பிரேக் தூசியும் அலாய் வீலும்: ஷாம்புவா, அயர்ன் ரிமூவரா, பேட் மாற்றமா?

ஞாயிற்றுக்கிழமை காரைக் கழுவி முடித்துத் துணிகளைக் கொடியில் போட்டால், எந்தத் துணி எந்தச் சக்கரத்துக்குப் போனது என்று பார்த்தவுடனே சொல்லிவிடலாம். பின் சக்கரம் துடைத்தது செம்மண் நிறத்தில் இருக்கும், இரண்டு அலசலில் வெளுத்துவிடும். முன் சக்கரம் துடைத்தது கரித்துணி. எத்தனை முறை அலசினாலும் அந்தச் சாம்பல் நிறம் போகாது. நான் இருப்பது நாமக்கல். மாதத்தில் ஒருமுறையாவது கொல்லிமலை போய் வருவோம். காரவள்ளியில் ஏற ஆரம்பித்தால் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது பளிச்சென்று இருக்கிற முன் சக்கரம், இறங்கி வீடு வந்து சேர்வதற்குள் ஒரு மாதம் தண்ணீரே படாத சக்கரம் மாதிரி ஆகிவிடும்.

ஐந்து வருடமாக இந்தக் கறுப்போடு மல்லுக்கட்டி, கண்ணில் பட்ட வழிகள் பலவற்றை முயன்று பார்த்தாகிவிட்டது. சிலவற்றுக்குக் கொடுத்த காசு தகும். சிலவற்றில் கையைச் சுட்டுக்கொண்டேன். சிலவற்றை மற்றவர் காரில் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எந்த மருந்து வாங்குவது என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் முன், எத்தனை நாளைக்கு ஒருமுறை கழுவுகிறோம் என்று பாருங்கள். ஒரு வாரத் தூசியை ஈரத்துணியால் எடுக்கலாம். இரண்டு மாதத் தூசிக்குத்தான் இத்தனை டப்பாக்கள் விற்கிறார்கள்.

அந்தக் கறுப்பு எங்கிருந்து வருகிறது

அது தெருத் தூசி இல்லை. பிரேக்கை மிதித்தால் பேட் என்ற உரசுகட்டைகள் இரண்டு பக்கமும் வந்து, சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் என்ற வட்டத் தகட்டைக் கவ்வுகின்றன. டிஸ்க் வார்ப்பிரும்பு. பேட்டில் இரும்பு நார், கிராஃபைட், கனிமத் தூள், இவற்றையெல்லாம் கட்டிப் பிடிக்கும் பிசின் என்று பலதும் இருக்கும். உரசலில் டிஸ்க்கும் தேய்கிறது, பேட்டும் தேய்கிறது. அந்தத் தூள்தான் சூடாகப் பறந்து ரிம்மில் உட்காருகிறது. நம்பிக்கை வராவிட்டால் ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தை பாலித்தீன் கவரில் போட்டு ரிம்மின் உள்பக்கம் தடவிப் பாருங்கள். கவருக்கு மேலே பூனை முடி மாதிரி கறுப்பு ரோமம் சிலிர்த்து நிற்கும். என் மகன் அதை அரை மணி நேரம் ஆட்டிக்கொண்டிருந்தான். அப்புறம் சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்தேன்.

சரி, பின் சக்கரம் ஏன் கறுப்பதில்லை? நம் ஊர்ச் சின்னக் கார்களில் பெரும்பாலும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். டிரம்மில் தேய்வதெல்லாம் டிரம்முக்குள்ளேயே தங்கிவிடுகிறது. மேலும், பிரேக் அடித்தால் வண்டியின் எடை முன்னால் சாய்வதால் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். ஆகவே இந்த மாதிரிக் கார் வைத்திருப்பவர்களுக்கு முதல் நல்ல செய்தி: உங்கள் பிரச்சினை நான்கு சக்கரம் அல்ல, இரண்டே சக்கரம். நான்கிலும் டிஸ்க் உள்ள வண்டிக்காரர்கள் இந்த ஆறுதலை எடுத்துக்கொள்ள முடியாது.

புதிதாக விழுந்த தூசி சும்மா மேலே கிடக்கும். அதன் மேல் பனி, மழை, கழுவிய தண்ணீர் என்று ஈரம் பட்டால் இரும்புத் துகள் துருப் பிடிக்க ஆரம்பிக்கும். துருப் பிடித்த துகள் ரிம்மின் மேல் இருக்கும் நிறமில்லாத பூச்சான கிளியர் கோட்டைக் கவ்விக்கொள்ளும். அப்போதுதான் தேய்த்தாலும் போகாத பழுப்புப் புள்ளிகள் தெரியும், தோசைக்கல் ஓரத்துக் கறை மாதிரி. டைமண்ட் கட் அலாய் என்றால் இன்னும் கவனம் தேவை. அந்தப் பளபளப்பு லேத்தில் கடைந்த வெறும் அலுமினியம். அதைக் காப்பது மேலே உள்ள மெல்லிய கிளியர் கோட் ஒன்றுதான். அது எங்காவது விட்டுப்போனால் உள்ளே ஈரம் புகுந்து, கிளியர் கோட்டுக்கு அடியில் வெள்ளைப் புழு ஊர்ந்த தடம் மாதிரி அரிப்பு ஓடும். அதைக் கழுவி எடுக்க முடியாது.

வாளியும் ஷாம்புவும்

முதல் வழிக்கு யாரும் விளம்பரம் செய்வதில்லை. ஒரு வாளி தண்ணீர், கொஞ்சம் கார் ஷாம்பு, ஒரு மென்மையான பிரஷ், இடுக்குக்கு ஒரு பழைய டூத் பிரஷ். முதலில் தண்ணீர் ஊற்றி மண்ணை இறக்க வேண்டும். அப்புறம் நுரை வைத்து ஸ்போக்குகளின் பக்கவாட்டு, நட்டுக் குழி, ரிம்மின் உள்சுற்று என்று வரிசையாகப் போய் அலசிவிட்டு, காயும் முன் துடைக்க வேண்டும். இரண்டு முன் சக்கரத்துக்கும் சேர்த்து எனக்குப் பத்து நிமிடம் ஆகிறது. 250 ரூபாய்க்கு வாங்கிய அரை லிட்டர் ஷாம்பு ஒரு வருடத்தைத் தாண்டி ஓடியது.

இதில் தவறுவதற்கு மூன்று இடம் இருக்கிறது. ஒன்று, சக்கரத்துக்கு வைத்த வாளியையும் துணியையும் பாடிக்குக் கொண்டுபோகவே கூடாது. அந்தத் துணியில் இருப்பது இரும்புத் தூள். கதவில் வைத்துத் தேய்த்தால் வெயிலில் வட்ட வட்டமாகக் கீறல் தெரியும். இரண்டு, பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் கம்பி நாரும் ரிம் பக்கமே வரக் கூடாது. மூன்று, போர் தண்ணீர். எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு. துடைக்காமல் வெயிலில் விட்டால் வெள்ளைத் திட்டு படியும், அதைப் போக்க வேறு ஒரு டப்பா வாங்க வேண்டிவரும். நான் கடைசி அலசலுக்கு மட்டும் அரை வாளி நல்ல தண்ணீர் எடுத்துக்கொள்கிறேன்.

வீட்டில் இருக்கும் பாத்திரம் கழுவும் லிக்விட் போதாதா என்று கேட்பார்கள். அவசரத்துக்குப் போதும். ஆனால் மேலே மெழுகோ சீலண்டோ பூசியிருந்தால் அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். துணிக்குப் போடும் சோப்புத் தூளைக் கண்டிப்பாக வேண்டாம் என்பேன். அலுமினியப் பாத்திரத்தைச் சோடா போட்டு ஊற வைத்தால் மங்கிக் கறுத்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அலாய் வீலும் அலுமினியம்தான்.

இந்த வழியின் குறை, ஏற்கெனவே பிடித்துவிட்ட பழுப்புப் புள்ளியை இது தொடாது. வாரம் தவறினால் அடுத்த வாரம் வேலை இரண்டு மடங்காகும். ஊருக்குப் போய் மூன்று வாரம் கழித்துத் திரும்பினால் ஷாம்பு கைவிட்டுவிடும்.

வாட்டர் வாஷ் கடை

எங்கள் ஊரில் நான் கொடுப்பது 400 ரூபாய். பிரஷரில் அடிக்கும் தண்ணீர் ரிம்மின் உள்பக்கம் வரை போகும், வீட்டில் அது வராது. மழைக்காலத்தில் சக்கர வளைவுக்குள் அப்பியிருக்கும் சேற்றை எடுக்க இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் சக்கர விஷயத்தில் நான் பட்டது இங்கேதான்.

வண்டி வாங்கி இரண்டாவது வருடம். கொல்லிமலை இறங்கிய கையோடு ஒரு கடையில் விட்டேன். கடை எது என்பது வேண்டாம், அந்தப் பையன் இப்போது அங்கே இல்லை. லேபிள் இல்லாத ஒரு கேனிலிருந்து எதையோ ஊற்றி, பெயின்ட் பிரஷ்ஷால் நான்கு சக்கரத்திலும் பூசினான். முன் சக்கரம் கொதித்துக்கொண்டிருந்தது, நேர் வெயில் வேறு. பூசிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். திரும்பி வந்து அடித்தபோது கறுப்பு முழுக்கப் போயிருந்தது, நானும் சந்தோஷமாகக் காசு கொடுத்தேன். வீட்டுக்கு வந்து காய்ந்த பிறகு பார்த்தால், இடது முன் சக்கரத்தின் பளபளப்பில் பால் தெறித்துக் காய்ந்த மாதிரி திட்டுகள். துடைத்தேன், போகவில்லை. பாலீஷ் போட்டேன், போகவில்லை. கிளியர் கோட்டே வெந்துபோயிருந்தது.

அந்தக் கேனில் இருந்தது ஆசிட். புளி போட்டுப் பித்தளை தேய்க்கிற கதைதான், அமிலம் துருவைக் கரைக்கும், அதனால் வேலை கண் முன்னால் நடக்கும். சிக்கல் என்னவென்றால் அலுமினியம் அமிலத்துக்கும் தோற்கும், காரத்துக்கும் தோற்கும். டாய்லெட் கழுவும் ஆசிட்டில் இருப்பது ஹைட்ரோகுளோரிக். சக்கரத்துக்கென்றே விற்கும் சில லிக்விட்களில் ஃபுளோரைடு சேர்ந்த அமிலம் இருக்கும், அது இன்னும் மோசம். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் தோலில் பட்டால் உடனே எரிச்சல்கூடத் தெரியாமல் உள்ளே இறங்கி எலும்பு வரை பாதிக்கக்கூடியது. அந்தப் பையன் வெறும் கையோடுதான் பூசிக்கொண்டிருந்தான் என்பது இப்போது நினைத்தாலும் உறுத்துகிறது.

இன்னொரு பழக்கம், வண்டிக்கு அடியில் டீசலோ பழைய ஆயிலோ ஸ்ப்ரே செய்து பளபளக்க வைப்பது. அது டிஸ்க்கில் பட்டால் பிரேக் வழுக்கும். டயர் பாலீஷையும் டிஸ்க் பக்கம், டயரின் தரையில் படும் பக்கம் அண்டவிடக் கூடாது. காற்று அடித்துத் தூசியைப் பறக்கவிடுவதும் வேண்டாம். பழைய பேட்களில் கல்நார் இருந்த காலம் உண்டு. இப்போதைய தூளும் மூச்சில் போக வேண்டிய பொருள் இல்லை. நனைத்துவிட்டுத்தான் தேய்க்க வேண்டும்.

இப்போதும் கடைக்குப் போகிறேன். போனதும் சொல்வது ஒன்றுதான்: "அண்ணா, வீலுக்குத் தண்ணியும் ஷாம்பும் மட்டும் போதும். வேற எதுவும் வேண்டாம்." கேட்டால் செய்கிறார்கள். சொல்லாவிட்டால் கேன் வந்துவிடும்.

நாவல்பழச் சாறு

பிடித்துப்போன பழுப்புப் புள்ளிக்கு உருப்படியான மருந்து அயர்ன் ரிமூவர். ஆசிட் மாதிரி எல்லாவற்றையும் தின்பதில்லை, இரும்பைத் தேடிப் பிடிக்கிறது. இதன் உள்ளே இருப்பது தயோகிளைகோலேட் என்ற வகை உப்பு. முடி நீக்கும் க்ரீமிலும், முடியைச் சுருட்டும் பார்லர் லோஷனிலும் இதே குடும்பம்தான். அதனால் வாடையும் அப்படியே இருக்கும், அழுகின முட்டையும் பார்லரும் கலந்த மாதிரி. நல்ல தயாரிப்புகள் நடுநிலை பி.எச். பக்கத்தில் இருக்கும், ஆகவே கிளியர் கோட்டை வேக வைக்காது.

முதல் தடவை அடித்தபோது நான் பயந்துபோனேன். தண்ணீர் மாதிரி இருந்த லிக்விட்டை ரிம்மில் ஸ்ப்ரே செய்து நின்றேன். அரை நிமிடத்தில் பழுப்புப் புள்ளிகள் இருந்த இடத்திலெல்லாம் ஊதாப் பொட்டு விழுந்தது. அடுத்த நிமிடம் ஸ்போக் ஸ்போக்காக ஊதாக் கோடு வழிந்து, தரையெல்லாம் நாவல்பழத்தை மிதித்த மாதிரி ஆகிவிட்டது. எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "என்னப்பா, வண்டிக்கு அடிபட்டுடுச்சா?" என்றார். இரும்போடு சேர்ந்ததால் வரும் நிறம் அது. மூன்று நான்கு நிமிடம் விட்டு, லேசாகப் பிரஷ் போட்டு, காய்வதற்கு முன் அலசிவிட வேண்டும். காயவிட்டால் அதுவே கறையாகும். சக்கரம் கை வைத்துப் பார்த்தால் குளிர்ந்திருக்க வேண்டும், நிழலாக இருக்க வேண்டும், கையில் உறை வேண்டும். ஒரு சக்கரத்தை முடித்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும்.

நான் வாங்கியது அரை லிட்டர் 650 ரூபாய். நான்கு சக்கரத்துக்கு ஒரு தடவைக்கு 150 மில்லி போகிறது, ஆக ஒரு டப்பா மூன்று தடவை. வாராவாரம் அடிக்க நினைத்தால் கட்டுப்படியாகாது, தேவையும் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். தாரைப் போக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். புது ரோட்டில் ஒட்டிய தாருக்கு வேறு மருந்து. நிறம் ஊதாவாக மாறாவிட்டால் மருந்து போலி என்று சண்டைக்குப் போகவும் வேண்டாம், அங்கே இரும்பு இல்லை என்றுதான் அர்த்தம். என் பின் சக்கரத்தில் ஒரு பொட்டுகூட ஊதா வரவில்லை. அடுத்த தடவையிலிருந்து முன்னால் மட்டும் அடிக்கிறேன், டப்பாவும் இரண்டு மடங்கு நாள் ஓடுகிறது.

மேலே பூசுவது

ரிம்மைச் சுத்தம் செய்த பிறகு எதையாவது பூசிவைத்தால் தூசி ஒட்டாது என்பது அடுத்த வழி. ஒட்டாமல் இருக்காது. ஆனால் சுலபமாகப் போகும், அந்தச் சுலபத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதுதான் கேள்வி.

மெழுகு மலிவு. கார்னோபா மெழுகு 80 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் உருகத் தொடங்கும். மலை இறக்கத்தில் டிஸ்க் இருக்கும் சூட்டுக்குப் பக்கத்தில் அது எத்தனை நாள் நிற்கும்? பாடிக்கு அழகு, முன் சக்கரத்துக்கு வீண். சிந்தெடிக் சீலண்ட் பரவாயில்லை. 800 ரூபாய் டப்பா, வீட்டிலேயே பூசலாம், எனக்கு மூன்று நான்கு மாதம் தாங்குகிறது. பூசிய பிறகு வந்த முதல் வாரம் வெறும் தண்ணீர் பட்டே முக்கால்வாசிக் கறுப்பு இறங்கியது.

செராமிக் கோட்டிங் என்பது சிலிக்கா அடிப்படையிலானது, கெட்டியாக உட்காரும், நீண்ட நாள் நிற்கும். எனக்கு ஒரு கடையில் நான்கு சக்கரத்துக்கு 6,000 ரூபாய் சொன்னார்கள், சக்கரத்தைக் கழற்றி உள்பக்கமும் சேர்த்து. வண்டி புதிது, ரிம்மில் ஒரு புள்ளிகூட இல்லை, இன்னும் ஏழெட்டு வருடம் வைத்திருக்கப் போகிறேன் என்பவருக்கு இது நல்ல செலவு. புள்ளி விழுந்த பழைய ரிம்முக்கு மேலே செராமிக் போடுவது அழுக்குச் சட்டைக்கு இஸ்திரி போடுகிற கதை. அதோடு, "செராமிக் போட்டால் கழுவவே வேண்டாம் சார்" என்று கடையில் யாராவது சொன்னால் அந்த வாக்கியத்தோடு எழுந்து வந்துவிடலாம்.

பேட்டையே மாற்றினால்?

தூசியை அதன் ஊற்றிலேயே குறைப்பது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இது பாதுகாப்புச் சமாசாரம் என்பதால் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

பேட்களைப் பொதுவாக மூன்று வகையாகச் சொல்வார்கள். செமி மெட்டாலிக்கில் இரும்பு அதிகம், சூட்டைத் தாங்கும், சத்தமும் தூசியும் சேர்ந்து வரும். லோ மெட்டாலிக்கில் இரும்பு குறைவு, ஆனால் டிஸ்க்கை நன்றாகக் கடிக்கும், அதனால் டிஸ்க்கும் சேர்ந்து தேயும். ஐரோப்பியக் கார்களில் இது சகஜம், அந்தக் கார்களின் முன் சக்கரம் எப்போதும் கறுத்திருப்பதற்குக் காரணமும் இதுதான். மூன்றாவது, ஆர்கானிக் மற்றும் செராமிக் என்று விற்பவை. இரும்பு நாருக்குப் பதில் வேறு நார்கள். தூசி வராமல் இல்லை. வருவது குறைவு, நிறமும் வெளிர், ரிம்மோடு ஒட்டிக்கொள்ளும் குணமும் கம்மி. ஜப்பான், அமெரிக்கக் கார்களில் இந்த வகையே அதிகம் பார்க்கலாம்.

என் மைத்துனர் வைத்திருப்பது நான்கிலும் டிஸ்க் உள்ள ஐரோப்பியக் கம்பெனி செடான். வெள்ளிக்கிழமை கழுவினால் திங்கட்கிழமை கறுப்பு. மனிதர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, பேட் தேய்ந்த சமயத்தில் முன்னால் மட்டும் செராமிக் வகைக்கு மாறினார். 4,500 ரூபாய் ஆனது. தூசி பாதிக்கு மேல் குறைந்துவிட்டது, அது உண்மை. ஆனால் காலையில் வண்டி எடுத்ததும் முதல் இரண்டு மூன்று பிரேக்கில் பழைய கடி இல்லை என்கிறார். நான் ஓட்டிப் பார்த்தேன், எனக்கும் அப்படித்தான் பட்டது. அவர் இருப்பது கோயம்புத்தூருக்குள், போவது ஆபீஸ், வருவது வீடு. அவருக்கு அது சரி. மாதாமாதம் வால்பாறையின் 40 வளைவோ கொல்லிமலையின் 70 வளைவோ இறங்குகிற ஆளாக இருந்தால் கொஞ்சம் யோசிக்கச் சொல்லியிருப்பேன்.

பேட் மாற்றுவதில் மெக்கானிக் அண்ணனிடம் கேட்டுக்கொள்ள வேண்டியவை சில. ஒரே அச்சில் இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். டிஸ்க்கின் ஓரத்தில் விரலுக்குத் தட்டுப்படும் அளவுக்கு விளிம்பு எழும்பியிருந்தால் டிஸ்க்கையும் பார்க்க வேண்டும். புது பேட் போட்டு முதல் 200, 300 கிலோமீட்டர் அதிரடியாக பிரேக் அடிக்காமல் பழக்க வேண்டும். வாரண்டியில் இருக்கும் வண்டி என்றால் சர்வீஸ் சென்டரில் கேட்காமல் வகை மாற்ற வேண்டாம். பேட் வாங்க வெளிநாட்டு டப்பாவுக்குத்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியாவும், அம்பத்தூரில் ராணேவும் பல காலமாக இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். வண்டிக்குப் பொருந்தும் எண்ணைப் பார்த்து, உறை பிரியாத ஒரிஜினலாக வாங்குவதுதான் முக்கியம். தூசிக்குப் பயந்து பாதி தேயாத பேட்டைக் கழற்றி எறிவது எனக்கு உடன்பாடில்லை.

ரிம்முக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் ஒரு தகடு மாட்டி தூசியைத் தடுக்கும் வித்தை ஒன்று உண்டு. தூசி நிற்கும், கூடவே காற்றும் நிற்கும். டிஸ்க் ஆற வழியில்லாமல் போனால் மலை இறக்கத்தில் பிரேக் மங்கும், அதாவது சூட்டில் பிடி குறையும். அதற்குக் கறுத்த சக்கரமே மேல்.

அலாய் வேண்டாம், ஸ்டீல் ரிம்மும் வீல் கப்பும் போதும் என்பவர்களைப் பார்த்து முன்பு சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பதில்லை. கப்பைக் கழற்றி வாளியில் போட்டு ஊறவைத்துவிட்டு டிபன் சாப்பிட்டு வரலாம். கீறினால் புதுக் கப். அடர் சாம்பல் நிற அலாய் வாங்கியவர்களும் ஒருவகையில் புத்திசாலிகள், தூசி இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கண்ணுக்குத் தெரியாததால் கழுவாமலே விட்டு, இரண்டு வருடம் கழித்து உள்சுற்றில் துரு பிடித்த சொரசொரப்போடு வந்த ஒரு வண்டியையும் பட்டறையில் பார்த்தேன்.

காசு செலவில்லாத வழி

மலையில் ஏறிய கியரிலேயே இறங்கு என்பது லாரிக்காரர்கள் பாடம். நாமக்கல்லில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இரண்டாவது கியரில் போட்டு எஞ்சினைப் பிடிக்கவிட்டு, வளைவுக்கு முன் மட்டும் பிரேக்கைத் தொட்டு விட்டு இறங்கினால் சக்கரம் எவ்வளவு கறுக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். நான் ஒரே பாதையில் இரண்டு வாரம் இரண்டு விதமாக இறங்கிப் பார்த்தேன். மூன்றாவது கியரில் பிரேக் மேல் காலை வைத்தபடியே இறங்கிய வாரம் விரல் வைத்தால் மை. எஞ்சின் பிரேக்கில் இறங்கிய வாரம் வெறும் சாம்பல் பூச்சு. தூசிக்காக மட்டும் இல்லை, பிரேக் சூடேறி மங்காமல் இருப்பதற்கும் அதுதான் வழி. ஊருக்குள்ளும் சிக்னலைப் பத்தடி தூரத்தில் பார்த்து மிதிப்பதற்குப் பதில், நூறடி முன்னாலேயே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும்.

மின்சாரக் காரில் இந்தப் பேச்சுக்கே பெரிய இடமில்லை. மோட்டாரே வேகத்தைக் குறைத்துக் கரண்டாக்கிக்கொள்வதால் பேட்டுக்கு வேலை கம்மி. ஃபோக்ஸ்வாகன் ஐடி.4 மாதிரி கார்களில் பின்னால் பழையபடி டிரம் பிரேக் வைத்ததற்கு ஒரு காரணம் இது. டீசல், பெட்ரோல் பக்கமும் காற்று மாறுகிறது. ஐரோப்பாவின் யூரோ 7 என்ற வாகன மாசு விதி முதல் தடவையாக பிரேக் தூசிக்கும் வரம்பு வைத்திருக்கிறது: சாதாரணக் காருக்கு கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம், பேட்டரிக் காருக்கு 3. 2026 நவம்பர் இறுதியிலிருந்து அங்கே புது மாடல் கார்களுக்குப் பொருந்தும். டிஸ்க்குக்கு மேல் டங்ஸ்டன் கார்பைடு பூசுவது 2017-லேயே வந்துவிட்டது. போர்ஷே அந்த டிஸ்க்கை கயேன் காரில் கொடுத்தபோது, பேட்டைப் பிடித்திருக்கும் காலிப்பருக்கு வெள்ளை நிறம் அடித்தது. கறுக்காது என்று அத்தனை தைரியம். நம் பட்ஜெட்டுக்கு அந்த டிஸ்க் வர இன்னும் நாளாகும், அதனால் வாளிக்கே திரும்புவோம்.

யாருக்கு எது

முன் டிஸ்க், பின் டிரம், வீட்டு வாசலில் கழுவ இடம், வாரம் பத்து நிமிடம்: ஷாம்புவும் வாளியும் மட்டும். வருடத்துக்கு இரண்டு தடவை அயர்ன் ரிமூவர், அடித்த கையோடு சீலண்ட். வருடச் செலவு 1,500 ரூபாய்க்குள் அடங்கிவிடுகிறது. நான் இருப்பது இந்தக் கட்சியில்.

அபார்ட்மென்ட்டில் இருக்கிறீர்கள், தண்ணீர் ஊற்றவே விடமாட்டார்கள் என்றால் செராமிக் கோட்டிங்குக்கு ஒருமுறை செலவழித்துவிட்டு, மாதம் இரண்டு தடவை வாட்டர் வாஷ். கேனைக் கிட்டே வரவிடாமல் பக்கத்திலேயே நின்று பாருங்கள். காரைத் துடைக்கும் அண்ணனிடம் சக்கரத்துக்குத் தனித் துணி வாங்கிக் கொடுங்கள், பாடி தப்பிக்கும்.

நான்கிலும் டிஸ்க், ஊருக்குள் மட்டும் ஓட்டம், கறுப்பைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது என்றால், அடுத்த தடவை பேட் மாற்றும்போது குறைந்த தூசி வகையைக் கேட்கலாம். கடற்கரை ஊர்க்காரர்கள், அதிலும் டைமண்ட் கட் வைத்திருப்பவர்கள், வாரம் ஒருமுறை என்பதை விடவே கூடாது. உப்புக் காற்றில் இரும்புத் தூள் துருப் பிடிக்க ரொம்ப நாள் எடுக்காது.

எந்த வழியில் போனாலும் கழுவி முடித்ததும் வண்டியை அப்படியே நிறுத்திவிடாமல் தெருவை ஒரு சுற்று சுற்றி, நாலு தடவை பிரேக்கைத் தொட்டுக் காயவைத்துவிட்டு நிறுத்துங்கள். அப்படியும் மறுநாள் காலையில் டிஸ்க்கின் மேல் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பூச்சு தெரிந்தால் பதற வேண்டாம். வார்ப்பிரும்பில் ஈரம் பட்டால் வரும் மேல்துரு அது. முதல் சிக்னலுக்குப் போவதற்குள் கரகரவென்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டுப் போய்விடும்.

என் வண்டியில் முன் பேட் இப்போது 5 மில்லிமீட்டர் இருக்கிறது. 3-க்கு வந்ததும் மாற்ற வேண்டும். கொல்லிமலையை விடப் போவதில்லை என்பதால் கம்பெனி போட்டுக் கொடுத்த அதே வகைதான். பால் தெறித்த அந்தச் சக்கரத்தை மறுபடி கடைந்து கிளியர் கோட் அடிக்கலாம் என்றார்கள், ஆனால் ஒவ்வொரு கடைசலுக்கும் கொஞ்சம் உலோகம் போகும். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். போன தடவை டயர் ரொட்டேஷனில் அதைப் பின்பக்கம் போடச் சொன்னேன். அங்கே செம்மண் மூடிக்கொள்கிறது.